உயிரோடு ஒரு படம்

"ஆர் செத்தது?"

நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய படக்காரர் கிறகோரியாரிடம் சின்னாச்சி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஒருத்தரும் சாகேல்லை" என்றார் அவர். ஒரு தோளில் மூன்றுகால் தாங்கி, மறு கையில் படப்பெட்டி. மூச்சு வாங்கியது.

"எனக்கேன் ஒளிக்கிறியள்? ஆர் வீட்டை போறியள்?"

"நமசிவாயத்தார் வீட்டை. அவரின்ரை மனுசியைப் படம் எடுக்க."

"ஐயோ! ஞானம் செத்துப் போட்டாளே!"

"இல்லையெண்டு சொல்லுறனெல்லே! அந்தத் தங்கச்சி உயிரோடைதான் இருக்கு!"

"உயிரோடை இருக்கிற ஆக்களை ஆர் படம் எடுக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே சின்னாச்சி கொண்டையை அவிழ்த்தாள். மற்றப் பெண்களைக் கூப்பிட ஒழுங்கைக்குள் ஓடினாள்.

சின்னாச்சியைப் பிழை சொல்ல முடியாது. இது நடந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில். அந்த ஊரில் யாராவது இறந்தால்தான் பட்டினத்துக்கு ஆள் அனுப்பிப் படக்காரரைக் கூப்பிடுவார்கள். இறந்தவரை முற்றத்தில் கிடத்தி, சொந்தக்காரர் எல்லோரும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். பிறகு அதைச் சுவரில் மாட்டுவார்கள். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் கண் மூடிய ஆட்கள்தான். உயிரோடு இருப்பவர் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று பேச்சு.

ஆனால் அன்றைக்கு ஞானாம்பிகை உண்மையாகவே உயிரோடுதான் இருந்தார். வீட்டின் முன் விறாந்தையில், கதிரையில் சாய்ந்து, இருமிக்கொண்டு இருந்தார்.

அவருக்குச் சயரோகம். நெஞ்சை அரிக்கும் வருத்தம். அந்த நாட்களில் அதற்குச் சரியான மருந்து இல்லை. பின்னேரம் அவரைக் கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் ஐயா என்று கூப்பிடும் நமசிவாயத்தார் கூடார வண்டில் பிடிக்கப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் அவருடைய பத்து வயது மகள் பத்மாசினியும் மட்டும்தான்.

தம்பி ராசன் பக்கத்து வளவில், பூரணம் பெரியம்மாவோடு இருந்தான். அவனுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. "பிள்ளையைக் கிட்ட விடக்கூடாது" என்று டாக்குத்தர் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது; ஆள் நுழையக்கூடிய இடைவெளி. அதனூடாகத்தான் அம்மா அவனைப் பார்ப்பார். அவன் வாழைத் தோட்டத்தில் ஓடுவது தெரியும். சில நேரம் அவனுடைய கால் மட்டும் தெரியும்.

படம் எடுக்க வேண்டும் என்று ஐயாவிடம் அழுது பிடித்தவள் பத்மாசினிதான். ஏன் என்று ஐயா கேட்டார். அவள் சொல்லவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்ச நாளுக்கு முன் ராசன் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டான். "அம்மா!" என்று கத்தினான். கத்திக்கொண்டே பெரியம்மாவின் மடியில் போய் விழுந்தான். பத்மாசினி அவனை வேலிப் பொட்டுக்குக் கூட்டிவந்து, விறாந்தையைக் காட்டிக் கேட்டாள்.

"ராசன், அங்கை இருக்கிறது ஆர்?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"இருமுற ஆள்" என்றான்.

அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"பிள்ளை, உங்கடை வீட்டிலை தண்ணி கிடைக்குமோ?"

கிறகோரியார் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பத்மாசினி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து முடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், மேகம் மூடிய வானத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி முற்றத்துக்கு வந்தால் நல்லது. உதிலை வெளிச்சம் காணாது."

"முற்றத்துக்கு வந்தால் எனக்குத் தலை சுத்தும்" என்றார் அம்மா.

"செத்த வீட்டிலை இந்தக் கரைச்சல் இல்லைப் பாருங்கோ. முற்றத்திலைதான் கிடத்துவினம். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. செத்த ஆக்களும் அசைய மாட்டினம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. செம்பைத் திரும்ப எடுத்து, இல்லாத தண்ணீரைக் குடித்தார்.

அம்மா சிரிக்கப் போய் இருமினார்.

கிறகோரியார் முற்றத்தில் மூன்றுகாலை ஊன்றினார். பெட்டியை மேலே வைத்துப் பூட்டினார். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்.

"தங்கச்சி, கால் ரெண்டையும் சேர்த்து நீட்டுங்கோ. கையை நெஞ்சிலை வையுங்கோ. ஓம், அப்பிடித்தான். நாடியைக் கொஞ்சம் மேலை தூக்குங்கோ."

அம்மா சொன்னபடி செய்தார். பத்மாசினி பார்த்தாள்.

"வேண்டாம்! அப்பிடி வேண்டாம்!"

கறுப்புத் துணி அசைந்தது. கிறகோரியாரின் தலை வெளியே வந்தது. "ஏன் பிள்ளை?"

"அது செத்த ஆக்கள் இருக்கிற மாதிரி."

அவர் தலையைச் சொறிந்தார். "பழகிப் போச்சுது, மோனை. இப்ப எனக்கு வாறதெல்லாம் செத்த வீடுதான். சரி, நீயே சொல்லு. அம்மா எப்பிடி இருப்பா?"

பத்மாசினி யோசித்தாள். வருத்தம் வரமுதல் அம்மா இப்படி ஒரு இடத்தில் இருந்ததே இல்லை. எப்போதும் ஏதாவது கையில் இருக்கும், அல்லது ராசன் இருப்பான். அவள் அம்மாவின் கையை மடியில் இறக்கினாள். கால்களை மடக்கிவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து, எலும்பு துருத்திய தோளை மூடினாள்.

"எனக்கும் ஒருக்காக் காட்டுவியளோ?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"வா. துணிக்குள்ளை வந்து பார்."

உள்ளே இருட்டு. இருட்டின் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அம்மா தலைகீழாக இருந்தார்.

"அம்மா தொங்குறா!"

"பெட்டிக்குள்ளை எல்லாரும் அப்பிடித்தான். படத்திலை நிமிந்திடுவா. முகத்தைப் பார்."

அவள் தலையைச் சரித்துப் பார்த்தாள். ஒரு பக்கத்துக் கன்னம் வெள்ளையாகத் தெரிந்தது. மற்றக் கன்னம் இல்லவே இல்லை. கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குழி. கன்னம் இருந்த இடத்தில் இன்னொரு குழி. மண்டையோடு போல இருந்தது.

"ஒரு பக்கம் கறுப்பாய்க் கிடக்கு" என்றாள் மெதுவாக.

"அதுதான் நான் சொன்னது. அந்தப் பக்கத்தாலை ஒரு துளி வெளிச்சம் வரேல்லை. இது மழை மேகம். வேறை நாளெண்டால் பரவாயில்லை."

"வேறை நாள் இல்லை."

"ஓம். அதுவும் தெரியும். ரெண்டு கண்ணாடித் தகடுதான் கொண்டந்தனான். ஒரு தகட்டுக்கு ஒரு படம். முதலாவதை எடுத்துப் பாப்பம்."

அவர் ஒரு தகட்டைப் பெட்டிக்குள் செருகினார். முன்னால் இருந்த மூடியில் கை வைத்தார்.

"தங்கச்சி, நான் மூடியைத் திறந்து திருப்பி மூடுமட்டும் மூச்சுக்கூட விடாதையுங்கோ. இருமாதையுங்கோ. பாருங்கோ... இதோ..."

மூடி திறந்தது.

"என்ரை குலவிளக்கே! எங்களை விட்டிட்டுப் போட்டியே!"

படலையடியில் பெரிய ஒப்பாரி. அம்மா திடுக்கிட்டு எழும்பினார். இருமல் வந்தது. நிற்காமல் வந்தது.

"போச்சு" என்றார் கிறகோரியார். "தகடு போச்சு."

சின்னாச்சி தலைவிரி கோலமாக முற்றத்துக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார்கள். விறாந்தையைக் கண்டார்கள். அடித்த கைகள் அப்படியே நின்றன.

"ஞானம்!" என்றாள் சின்னாச்சி. "நீ... நீ இன்னும்..."

"இன்னும் இல்லை, சின்னாச்சியக்கா" என்றார் அம்மா. "கொஞ்சம் பொறுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னாச்சி அவிழ்த்த தலைமயிரை அவசரமாக முடியத் தொடங்கினாள். "படக்காரர் வந்ததைக் கண்டன். நான் என்னத்தை நினைக்கிறது? ஊரிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கட்டாடிக்கும் சொல்லிப்போட்டன்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கந்தப்பு வந்துவிட்டார்.

கந்தப்பு ஊரில் உடுப்பு வெளுப்பவர். அவரைத்தான் கட்டாடி என்பார்கள். சாவு வீட்டுக்கு வெள்ளைத் துணி கொண்டுவந்து பந்தலில் கட்டுவது அவருடைய வேலை. பெரிய பொட்டலத்தைத் தலையில் சுமந்துகொண்டு, குனிந்த முகத்தோடு வந்தார். விறாந்தைப் படியடியில் பொட்டலத்தை இறக்கினார். முதல் துணியை உதறி விரித்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நாச்சியார்!" என்றார். துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். அதுவரை இருந்த தைரியம் எங்கேயோ போய்விட்டது.

"காணும், இனிப் போதும்" என்றார். "அழவும் வந்திட்டினம், வெள்ளையும் வந்திட்டுது. இனிப் படம் என்னத்துக்கு? அண்ணை, நீங்கள் பெட்டியைக் கட்டுங்கோ. நான் உள்ளுக்குப் போறன்."

கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

பத்மாசினி அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் ஏதோ மாறியிருந்தது. என்ன என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. கறுத்துக் கிடந்த கன்னம் இப்போது தெரிந்தது. குழிக்குள் கிடந்த கண் தெரிந்தது. கந்தப்பு விரித்த துணி முற்றத்து வெளிச்சத்தை வாங்கி அம்மாவின் முகத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

கந்தப்பு வெட்கத்தோடு துணியை மடிக்கத் தொடங்கினார். கன்னம் திரும்பவும் இருட்டுக்குள் போனது.

"மடிக்காதையுங்கோ!" என்று பத்மாசினி கத்தினாள். "கந்தப்பு, மடிக்காதையுங்கோ! திரும்ப விரியுங்கோ!"

அவர் விரித்தார். கன்னம் திரும்ப வந்தது.

அவள் ஓடிப்போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். "கறுப்பு இல்லை! வந்து பாருங்கோ!"

கிறகோரியார் பார்த்தார். "அட! சந்தணம் பூசின மாதிரி விழுகுது. பட்டினத்திலை என்ரை கடையிலை ஒரு வெள்ளைத் தட்டி நிக்குது. செத்த வீட்டுக்கு அது தேவைப்படாது எண்டு கொண்டு வாறேல்லை."

"ஐயையோ பிள்ளை!" என்றாள் சின்னாச்சி. "அது செத்த வீட்டு வெள்ளை! உயிரோடை இருக்கிறவளுக்கு முன்னாலை பிடிக்கிறதோ? என்ன கதை இது?"

"துவைச்ச துணிதானே?" என்று கேட்டாள் பத்மாசினி.

"நேற்றுத் துவைச்சது, பிள்ளை" என்றார் கந்தப்பு. "கலியாண வீட்டுக்கும் நான் இதைத்தான் கட்டுறனான். அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை."

ஆனால் அம்மா தலையை ஆட்டினார். "வேண்டாம், பத்மா. என்ரை முகத்திலை இனி என்ன கிடக்கு? இதைப் பாத்து நீங்கள் பயப்பிடப் போறியள்."

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதைச் சொன்னால் அம்மாவுக்கு நோகும். பத்மாசினி விறாந்தைப் படிவரை போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"அம்மா, ராசன் இப்ப பெரியம்மாவைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறான்."

அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களைக் காட்டி ஆரெண்டு கேட்டன். இருமுற ஆள் எண்டு சொன்னவன்."

முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் அது கேட்கவில்லை. அம்மா வேலிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூரணத்தை அம்மா எண்டு கூப்பிடட்டும்" என்றார் கடைசியில். "அவளும் பாவம்தானே, இரவு பகலாய்ப் பாக்கிறாள். ஆனால் என்னையும் அவனுக்குத் தெரியோணும்."

பிறகு கதிரையில் நன்றாக நிமிர்ந்து இருந்தார்.

"கந்தப்பு, எனக்கெண்டு கொண்டந்த வெள்ளைதானே. பிடி."

கந்தப்பு ஒரு நுனியைப் பிடித்தார். துணி பெரியது, மற்ற நுனி தொங்கியது. பத்மாசினி சுற்றிப் பார்த்தாள்.

"சின்னாச்சி மாமி, நீங்கள் இந்த மூலையைப் பிடியுங்கோ."

"நானோ?"

"நீங்கள்தானே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

கூட்டத்தில் யாரோ மூக்குக்குள் சிரித்தார்கள். சின்னாச்சி முறைத்தாள். ஆனால் வந்து பிடித்தாள். இன்னும் இரண்டு பெண்கள் மேல் நுனியைத் தூக்கிப் பிடித்தார்கள். அழ வந்தவர்கள் எல்லோரும் இப்போது துணியோடு மல்லுக்கட்டினார்கள்.

"கொஞ்சம் சரியுங்கோ. இல்லை, மற்றப் பக்கம். சின்னாச்சி மாமி, உங்கடை தலை மறைக்குது."

"என்ரை தலை எங்கை போறது?"

"கீழை!"

சின்னாச்சி குந்திக்கொண்டாள்.

கிறகோரியார் கடைசித் தகட்டைச் செருகினார். "தங்கச்சி, பெட்டியின்ரை கண்ணைப் பாருங்கோ."

அம்மா பார்த்தார். வெளிச்சம் இருந்தது, ஆனால் கண்ணில் ஒன்றும் இல்லை. பெட்டியின் கண்ணாடியைப் பார்க்கும் கண் அப்படித்தான் இருக்கும்.

"கொஞ்சம் பொறுங்கோ!" என்றாள் பத்மாசினி. வேலிப் பொட்டுக்குள் நுழைந்து ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது பின்னால் பூரணம் பெரியம்மாவும் வந்தார். இடுப்பில் ராசன்.

"என்னடி இது? டாக்குத்தர் கிட்டக் கொண்டு வரக்கூடாதெண்டெல்லோ சொன்னவர்?"

"கிட்ட இல்லைப் பெரியம்மா. பெட்டிக்குப் பின்னாலை நில்லுங்கோ. அது தூரம்தானே? அவன்ரை முகம் மட்டும் பெட்டிக்கு மேலை தெரியோணும். பெட்டியின்ரை கண்ணுக்குக் கிட்ட. இன்னும் கிட்ட."

பெரியம்மா அவனைத் தூக்கிப் பிடித்தார். ராசன் கூட்டத்தைப் பார்த்தான். பெரிய வெள்ளைத் துணியைப் பார்த்தான். கறுப்புத் துணியிலிருந்து கிறகோரியாரின் மொட்டைத் தலை வெளியே வந்ததைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"பூதம்!" என்றான்.

"ஓமடா, பூதம்தான்" என்றார் கிறகோரியார். "அசையாதை. தங்கச்சி, ஆயத்தமோ?"

அம்மா அதைக் கேட்கவில்லை. மாதக்கணக்காக வேலிப் பொட்டுக்கூடாகக் காலும் கையுமாகப் பார்த்த பிள்ளையை இப்போதுதான் முழுமுகமாகப் பார்க்கிறார். வேலி இல்லை, வாழை இல்லை. அவருடைய தலை கொஞ்சம் சரிந்தது. ராசன் ஏதாவது சொல்லும்போது அம்மா அப்படித்தான் தலையைச் சரித்துக் கேட்பார். பத்மாசினிக்கு அது மறந்தே போயிருந்தது.

"இப்ப!" என்று அவள் கிசுகிசுத்தாள். "இப்ப திறவுங்கோ!"

மூடி திறந்தது.

துணி பிடித்தவர்கள் அசையவில்லை. குந்தியிருந்த சின்னாச்சி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வருகிறது என்று பத்மாசினிக்குத் தெரிந்தது. அம்மாவின் மடியில் கிடந்த விரல்கள் சேலையை இறுக்கிப் பிடித்தன. முகம் மட்டும் மாறவில்லை. கண் ராசனை விட்டு எடுபடவில்லை.

மூடி திரும்ப மூடிக்கொண்டது.

"முடிஞ்சுது!" என்றார் கிறகோரியார்.

அதற்குப் பிறகுதான் அம்மா இருமினார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கதிரையிலிருந்து சரியச் சரிய இருமினார். அதில் சிவப்பாகத் தெரிந்ததை மடித்து மறைத்தார். பெரியம்மா ராசனைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று பொட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் வண்டில் வந்து நின்றது. ஐயா படலைக்கு மேலாகப் பார்த்தார். முற்றம் நிறைய ஆட்கள், படக்காரர், கந்தப்புவின் கையில் வெள்ளை. அவருக்குக் கதிரை தெரியவில்லை.

"ஞானம்!" என்று ஒரு சத்தம். ஐயா அப்படியே படலையடியில் நிலத்தில் இருந்துவிட்டார்.

பத்மாசினி ஓடினாள். "ஐயா! இல்லை ஐயா! படம்தான் எடுத்தது! அம்மா இருக்கிறா!"

ஐயா அவளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். துணியைத் தள்ளி அம்மாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் வேறை வேலை இல்லையோ?"

"வெளிச்சம் பிடிச்சனாங்கள்" என்றாள் சின்னாச்சி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பவும் முடியாமல் முனகினாள்.

ஐயா அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டிலில் இருத்தினார். அம்மாவில் பாரமே இல்லை. அழ வந்தவர்கள் ஒழுங்கை முடக்குவரை வண்டிலுக்குப் பின்னால் நடந்தார்கள். ஒருவரும் அழவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா?

அம்மா திரும்பி வரவில்லை.

மாரி மழை விடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. தொற்று வருத்தம் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஐயாவும் இன்னும் சில ஆண்களும் போய், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தார்கள். முற்றத்தில் கிடத்தவும் இல்லை. சுற்றி நின்று படம் எடுக்கவும் இல்லை.

வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான்.

அதைப் பெரியம்மா வீட்டுச் சுவரில் மாட்டவேண்டும் என்று பத்மாசினி சொன்னாள். ராசன் அங்கேதான் தூங்குகிறான். ஐயாதான் ஆணி அடித்தார். அடித்த பிறகு சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

படத்தில் குழி இல்லை, கறுப்பு இல்லை. அம்மா மெலிந்துதான் இருந்தார். ஆனால் தலையைச் சரித்து, யாரோ சொல்லும் கதையைக் கேட்பது போல இருந்தார்.

ராசன் படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். பாயின் இந்தக் கரைக்கு வந்து பார்த்தான். அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்று, மெதுவாக எட்டிப் பார்த்தான்.

"அக்கா! எங்கை போனாலும் அம்மா பாக்கிறா!"

பத்மாசினி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள்.

"ஓமடா. என்னையும்தான் பாக்கிறா."

"இல்லை, என்னைத்தான்!"

"என்னையும்தான்."

"என்னைத்தான்! என்னைத்தான்!" ராசன் காலால் நிலத்தை உதைத்தான். அழப்போகிறவன் போல உதட்டைப் பிதுக்கினான்.

பத்மாசினி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரி, உன்னைத்தான்" என்றாள். அது பொய்யும் இல்லை.